நிறமும் நியமமும்: இணையத்துக்கும் அச்சுக்குமான நிறவெளித் தெரிவு பற்றிச் சில குறிப்புகள்

ஆய்வேடுகளும் சஞ்சிகைகளும் ஆவணத் திரட்டுகளும் ஒளிப்படங்களின்றி வெளிவருவது இன்று அரிதாகிவிட்டது. கமராவைக் கையாள்பவரும் கணினியிற் படத்தைத் திருத்துபவரும் ஏதோவொரு கட்டத்தில் ஒரு வினாவுக்கு முகங்கொடுக்க நேரிடுகின்றது. சேமிக்கப்படும் படம் எந்த நிறவெளியில் அமைதல் வேண்டும் என்பதே அவ்வினா. எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, டிஸ்பிளே பி3, புரோபோட்டோ ஆர்ஜிபி, சீஎம்வைகே எனப் பெயர்கள் வரிசையாக முன்வந்து நிற்கின்றன. சிலர் பழக்கத்தினால் ஒன்றைத் தெரிந்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். வேறு சிலர் பெரியதே சிறந்தது என்ற எண்ணத்தில் மிக விரிந்த வெளியைத் தெரிகின்றனர். இணையத்திற் சோபையிழந்து தோன்றும் முகங்களும், அச்சிற் கரிப்பிடித்துப் போகும் நிழல்களும் பெரும்பாலும் இத்தகைய தெரிவுகளின் விளைவுகளே.

இவ்வினாவுக்கு ஒரு வரியில் விடை கூறிவிடலாம். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி, அச்சுக்கு அச்சகம் கோரும் வெளி, மூலப்படிக்கு விரிந்த வெளி. இவ்விடை சரியானதே. ஆயினும் அதன் காரணம் விளங்காதவிடத்து அது வெறும் வாய்பாடாகவே எஞ்சும். நிலைமை சற்று மாறினும் வாய்பாடு கைவிட்டுவிடும். எனவே நிறவெளி என்பது யாது, அது எச்சூழலில் யாருடைய தேவைக்காகத் தோன்றிற்று என்பவற்றை முதலில் நோக்கி, அவற்றின் அடியாக நடைமுறைத் தெரிவுக்கு வருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அக்கறை என்று வினவப்படலாம். ஒரு குறி தன்னளவிற் பொருள் தருவதில்லை. அதனை வாசிப்போரிடையே நிலவும் உடன்பாட்டினாலேயே அது பொருள் பெறுகின்றது என்பது இலக்கிய மாணவர் நன்கறிந்த உண்மை. நிறவெளி பற்றிய பிரச்சினையும் அடிப்படையில் அவ்வுண்மையின் இன்னொரு வடிவமே என்பதை இங்கு எடுத்துக்காட்ட முயல்வோம்.

1. எண்ணும் நிறமும்

கணினிக்கு நிறம் தெரியாது, எண்ணே தெரியும். ஒளிப்படத்தின் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்களாகவே பதியப்படுகின்றது. 8 பிட் முறையில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையான 256 படிகளுள் ஒன்றாக அமையும். எனவே மூன்றும் சேர்ந்து 16,777,216 சேர்க்கைகளைத் தரும்.

ஆயின் 'சிவப்பு 255' என்னும்போது எந்தச் சிவப்புக் குறிக்கப்படுகின்றது? மூன்று முழத் துணி என்று ஒருவர் கூறினால், யாருடைய முழம் என்பது தெரிந்தாலன்றித் துணியின் நீளம் தெரியாது. 255 என்பதும் அத்தகைய முழக்கணக்கே. அந்த முழத்தை வரையறுத்துக் கூறுவதே நிறவெளி ஆகும்.

நிறவெளி மூன்று விடயங்களை வரையறுக்கின்றது. முதலாவது, மூலநிறங்களாகிய சிவப்பும் பச்சையும் நீலமும் துல்லியமாக எவை என்பது. இரண்டாவது, வெண்மை எனக் கொள்ளப்படுவது எது என்பது; பகலொளியின் வெண்மையும் மின்குமிழின் வெண்மையும் ஒன்றல்ல. மூன்றாவது, எண் ஏற ஏற ஒளி எவ்வாறு ஏறவேண்டும் என்பது. உதாரணமாக, எஸ்ஆர்ஜிபியில் 128 என்னும் எண் முழு ஒளியின் பாதியைக் குறிப்பதில்லை. ஏறத்தாழ 22 வீதத்தையே குறிக்கின்றது. இருண்ட பகுதிகளின் சிறு வேறுபாடுகளை மனிதக் கண் நுணுகி உணர்வதால், எண்களிற் கூடுதலானவை இருண்ட பகுதிக்கு ஒதுக்கப்பட்டுள்ளன.

முழம் மாறினால் எண்ணும் மாறும். எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என எழுதப்படும் முழுச் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0 என எழுதப்படும். எஸ்ஆர்ஜிபியின் முழுப் பச்சையாகிய 0, 255, 0 என்பது அடோபி ஆர்ஜிபியில் ஏறத்தாழ 144, 255, 60 ஆகும். நிறம் ஒன்றே, எண்கள் வேறு. இனி, அடோபி ஆர்ஜிபியில் எழுதப்பட்ட 219 என்னும் சிவப்பை, எஸ்ஆர்ஜிபியில் எழுதப்பட்டதாகக் கொண்டு ஒரு கருவி வாசித்தால் யாது நிகழும்? முழுச் சிவப்பாக இருக்கவேண்டியது மங்கிய சிவப்பாகத் தோன்றும். இணையத்தில் ஏற்றிய படம் சோபையிழந்துவிட்டது என்ற முறைப்பாட்டின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தப் பிழையான வாசிப்பே.

யூனிகோட் முறை பரவலாவதற்கு முன்னர் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகளைக் கையாண்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியலொன்றே தோன்றும். கோப்பில் யாதொரு பழுதும் இல்லை. அதை வாசிக்கவேண்டிய உடன்பாடே தவறியிருக்கின்றது. ஒளிப்படத்தில் இவ்வுடன்பாட்டைக் கோப்புடன் சேர்த்தனுப்புவதற்கென ஏற்பட்டதே நிறப் புரொபைல். எனினும் இவ்விரண்டுக்குமிடையே முக்கியமானதொரு வேறுபாடு உண்டு. எழுத்துரு தவறின் எவரும் உடனே அறிந்துகொள்வர். நிறவெளி தவறின் படம் படமாகவே தோன்றும். பழுது வாய்திறந்து பேசுவதில்லை. இப்பிரச்சினையின் அபாயம் இங்கேதான் இருக்கின்றது.

2. நியமத்தின் தோற்றுவாய்

நிறத்தை எண்ணாக்கும் முயற்சியின் அடித்தளம் 1931ஆம் ஆண்டில் இடப்பட்டது. சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு அவ்வாண்டில் 'நியம நோக்குநர்' ஒருவரை வரையறுத்தது. அதற்கு ஆதாரமாய் அமைந்தவை இங்கிலாந்தில் டபிள்யூ. டீ. ரைட், ஜோன் கில்ட் ஆகியோர் வெவ்வேறாக நடத்திய பரிசோதனைகள். முன்னவருக்குப் பத்துப் பேரும் பின்னவருக்கு ஏழு பேரும் நோக்குநராக இருந்தனர். இப்பதினேழு பேரின் கண்களிலிருந்து பெறப்பட்ட சராசரியே இன்றும் நிறவெளிகளின் பொது அடித்தளமாக உள்ளது. இவ்வடித்தளம் வெறும் கற்பனையன்று. ஒளியின் அலைநீளமும் கண்ணின் உயிரியலும் புறநிலை உண்மைகள். ஆனால் அவ்வடித்தளத்தின் மீது எந்த எல்லைகளை வகுத்து எந்த வெளியைப் பொதுவெளி எனக் கொள்வது என்பது இயற்கை தந்த விடையன்று. அது உற்பத்தியும் சந்தையும் சேர்ந்து தந்த விடையாகும்.

எஸ்ஆர்ஜிபியின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது. 1990களின் நடுப்பகுதியில் இணையம் விரிவடைந்தபோது, ஒரே படம் வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு விதமாகத் தோன்றும் நிலை ஏற்பட்டது. கோப்புடன் நிறப் புரொபைலைச் சேர்க்கும் வழிவகைகளை ஆராய, அடோபி, அப்பிள், கொடாக், மைக்ரோசொஃப்ட் முதலிய எட்டுக் கம்பனிகள் 1993இலேயே சர்வதேச நிறக் கூட்டமைப்பை உருவாக்கியிருந்தன. ஆயின் அன்றைய மெதுவான தொலைபேசி இணைப்பில், ஒவ்வொரு சிறு படத்துடனும் ஒரு புரொபைலைச் சுமந்து செல்வது சுமையாகத் தோன்றிற்று. 1996இல் ஹியூலெட் பக்கார்ட்டும் மைக்ரோசொஃப்ட்டும் மாற்று வழியொன்றை முன்மொழிந்தன. ஏதும் கூறப்படாதவிடத்து எல்லோரும் ஒரே வெளியைக் கருதிக்கொள்வோம் என்பதே அவ்வழி. 1999இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு அதனை நியமமாக்கிற்று.

அவ்வெளி எதனை அளவுகோலாகக் கொண்டது? அன்று மேசைகளில் இருந்த கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரைகளை. அதன் மூலநிறங்கள் உயர்துல்லியத் தொலைக்காட்சிக்காக 1990இல் வகுக்கப்பட்ட நியமத்தின் மூலநிறங்களே. நியமம் கருதிய திரையின் ஒளிர்வு சதுர மீற்றருக்கு 80 கண்டெலா. அதனைச் சூழ்ந்த அறையின் வெளிச்சம் 64 லக்ஸ். மங்கலான அலுவலக அறையொன்றில், குறிப்பிட்டதொரு வகைத் திரையின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரையே இவ்வெண்கள் நம் கண்முன் நிறுத்துகின்றன. இன்று கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரைகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. ஆயினும் அவற்றின் எல்லைகள் நியமமாக உறைந்து, உலகின் பெரும்பாலான படங்களை இன்றும் ஆளுகின்றன. உற்பத்திச் சக்திகள் வளர்ந்த பின்னரும் பழைய வடிவங்கள் நிலைபெற்றிருப்பதற்கு இது தக்கதோர் உதாரணம் எனலாம்.

அடோபி ஆர்ஜிபியின் வரலாறு வேறு வகையிற் சுவையானது. 1998இல் வெளிவந்த போட்டோஷொப் 5.0இல், எஸ்எம்பிடிஈ 240எம் எனும் தொலைக்காட்சி நியமத்தின் பெயரில் ஒரு நிறவெளி சேர்க்கப்பட்டது. ஆனால் அதிற் பயன்படுத்தப்பட்ட அளவுகள் அந்நியமத்தின் உண்மையான அளவுகள் அல்ல என்பது பின்னரே தெரியவந்தது. அதற்குள் அவ்வெளி அச்சு வேலைக்கு வாய்ப்பானது என்பதைப் பாவனையாளர் கண்டுகொண்டனர். அளவுகள் திருத்தப்படவில்லை, பெயர் மட்டும் அடோபி ஆர்ஜிபி (1998) என மாற்றப்பட்டது. தவறுதலாகப் பிறந்த ஒன்று, பயன்பாட்டின் வலிமையால் நியமமாயிற்று. நியமங்கள் அறிவியலின் தருக்கத்தினால் மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

3. 'பெரியது சிறந்தது' என்னும் மயக்கம்

எஸ்ஆர்ஜிபியுடன் ஒப்பிடுகையில் அடோபி ஆர்ஜிபி விரிந்தது. இரண்டுக்கும் சிவப்பும் நீலமும் ஒன்றே. பச்சை மட்டுமே அப்பாற் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. எனவே விரிவு முழுவதும் பச்சையையும் நீலப்பச்சையையும் சார்ந்தே அமைகின்றது. 2015 தொடக்கம் அப்பிள் கம்பனியின் திரைகளில் இடம்பெற்று வரும் டிஸ்பிளே பி3, எண்ணியல் சினிமாவுக்காக வகுக்கப்பட்ட வெளியொன்றிலிருந்து பிறந்தது. சிவப்பிலும் அது எஸ்ஆர்ஜிபியை விஞ்சுகின்றது. கொடாக் வகுத்த புரோபோட்டோ ஆர்ஜிபி இவையனைத்திலும் பெரியது. அதில் எழுதக்கூடிய நிறங்களில் ஏறத்தாழ 13 வீதமானவை மனிதக் கண்ணுக்கே புலப்படாத, எண்ணளவில் மட்டும் உள்ள நிறங்களாகும்.

இவ்விரிவைக் கண்டு, பெரிய வெளியிற் சேமித்த படத்தில் நிறங்கள் கூடுதலாக இருக்கும் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. 8 பிட் கோப்பில் எந்த வெளியிலும் 16,777,216 சேர்க்கைகளே உண்டு. வெளி விரியும்போது சேர்க்கைகளின் தொகை கூடுவதில்லை. அவற்றின் இடைவெளியே கூடுகின்றது. அதே ஏணியை, அதே எண்ணிக்கைப் படிகளுடன், உயர்ந்த மதிலுக்கு நீட்டியதைப் போன்றது இது. ஒவ்வொரு படியும் உயரமாகும்; மெல்ல மாறவேண்டிய வானத்தின் நீலத்திற் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றும். புரோபோட்டோ ஆர்ஜிபியை 16 பிட் கோப்பிலன்றிப் பயன்படுத்தக் கூடாது எனக் கூறப்படுவது இதனாலேயே.

'மூலதனம்' முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ் பண்டங்களின் மாயத்தன்மை பற்றிப் பேசுகின்றார். மனிதரிடையேயான உறவு, பொருள்களின் இயல்பான பண்பாக மயங்கித் தோன்றுவதையே அவர் அங்கு சுட்டுகின்றார். நிறவெளியின் பெருமை பற்றிய விளம்பரங்களும் அத்தகைய மயக்கத்தையே விதைக்கின்றன. படம் எடுப்பவர், சேமிப்பவர், அச்சிடுபவர், பார்ப்பவர் ஆகியோருக்கிடையேயான உடன்பாடு ஒன்றே நிறவெளி. அதனை ஒரு கருவிக்குள் அடைத்து விற்கக்கூடிய பண்பாகக் காட்டுவது சந்தைக்கு வாய்ப்பானது, பயன்படுத்துவோருக்கு அன்று.

உண்மையில் நாம் ஒளிப்படம் எடுக்கும் பொருள்களில் எத்தனை எஸ்ஆர்ஜிபிக்கு அப்பாற்பட்டவை? நிறங்களை ஒப்புநோக்கவெனக் கமராவின் முன் வைக்கப்படும் மக்பெத் நிற அட்டை 1976இல் அறிமுகமாயிற்று. அதில் 24 கட்டங்கள் உள்ளன. தோல், இலை, வானம், பழம் முதலிய அன்றாடப் பொருள்களின் நிறங்களும் மூலநிறங்களும் அதில் இடம்பெறுகின்றன. அவ்விருபத்து நான்கில் எஸ்ஆர்ஜிபியின் எல்லையைத் தாண்டுவது சயான் எனப்படும் நீலப்பச்சைக் கட்டம் ஒன்றே. பனையோலைச் சுவடியின் பழுப்பும், பழைய தாளின் மஞ்சளும், மனிதத் தோலின் எல்லாச் சாயல்களும் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்குவனவே. ஆழமற்ற கடலின் நீலப்பச்சை, சில பூக்களின் செறிந்த நிறங்கள், செயற்கைச் சாயமேற்றிய பட்டு போன்றவற்றிலேயே விரிந்த வெளியின் தேவை எழுகின்றது.

4. இணையத்துக்கான தெரிவு

மேற்கூறியவற்றின் அடியாக நோக்குமிடத்து, இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற விதியின் காரணம் தெளிவாகும். எஸ்ஆர்ஜிபி சிறந்த வெளி என்பதனாலன்று. இனந்தெரியாத வாசகர் அனைவரோடும் பகிரத்தக்க உடன்பாடு அதுவே என்பதனாலாகும். புரொபைல் இல்லாத படத்தை இன்றைய உலாவிகள் எஸ்ஆர்ஜிபி எனவே கொள்கின்றன. சில தளங்கள் ஏற்றப்படும் படத்திலிருந்து புரொபைலை அகற்றியும் விடுகின்றன. அடோபி ஆர்ஜிபிப் படமொன்று இவ்வாறு புரொபைலை இழந்தால், முன்னர் விளக்கிய மங்கலே விளையும். எஸ்ஆர்ஜிபிப் படம் இழந்தாலோ ஊறு ஏதும் நேராது.

அவ்வாறாயின் எஸ்ஆர்ஜிபிப் படத்துக்குப் புரொபைல் தேவையில்லையா? தேவை என்பதே நமது கருத்து. விரிந்த திரையொன்றில், நிறமேலாண்மை அறியாத மென்பொருள் எஸ்ஆர்ஜிபி எண்களை அப்படியே திரைக்கு அனுப்பும்போது முகங்கள் அளவுமீறிச் சிவந்து தோன்றும். புரொபைல் அத்தகைய மென்பொருளைத் திருத்திவிடாது எனினும், அறிந்த மென்பொருளுக்கு ஐயமற்ற கட்டளையாகும். அதன் பருமனும் பொருட்படுத்தத்தக்கதன்று. பரவலாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபிப் புரொபைல் ஒன்று 3,144 பைட்டுகளே. அடோபி ஆர்ஜிபியினது 560 பைட்டுகள். 1996இற் சுமையாகத் தோன்றியது இன்று சுமையன்று.

இங்கு இரு கட்டளைகளைப் பிரித்தறிதல் அவசியம். போட்டோஷொப் முதலிய மென்பொருள்களிற் புரொபைலை 'ஒதுக்குதல்' என ஒன்றும், புரொபைலுக்கு 'மாற்றுதல்' என ஒன்றும் உண்டு. மாற்றுதல் என்பது மொழிபெயர்ப்பைப் போன்றது. நிறம் நிற்க, எண்கள் மாறும். ஒதுக்குதல் என்பது, ஒரு பிரதியை மொழிபெயர்க்காமல் அதன் அட்டையில் வேறொரு மொழியின் பெயரை எழுதுவதைப் போன்றது. எண்கள் நிற்க, நிறம் மாறும். இணையத்துக்கெனப் படத்தைத் தயாரிப்போர் செய்யவேண்டியது மாற்றுதலே. ஒதுக்குதல், புரொபைலை இழந்த படத்துக்கு அதன் உண்மையான வெளியை மீட்டளிப்பதற்கு மட்டும் உரியது.

கமராவில் உள்ள தெரிவு பற்றியும் ஒரு சொல். ரோ கோப்பாகப் பதியும்போது கமராவின் நிறவெளித் தெரிவு பதிவைப் பாதிப்பதில்லை. வெளி பின்னரே தெரியப்படுகின்றது. ஜேபெக் கோப்பாகப் பதியும்போதுதான் அத்தெரிவு உடனே செயற்படுகின்றது. பல கமராக்கள் அடோபி ஆர்ஜிபிக் கோப்புகளின் பெயரை அடிக்கோட்டுடன் தொடங்குகின்றன. பிறர் தந்த கோப்புகளைத் திரட்டுவோர் இச்சிறு குறியைக் கவனித்துக்கொள்வது பயனுடையது.

5. அச்சுக்கான தெரிவு

திரை ஒளியைக் கூட்டி நிறம் தருகின்றது. அச்சு ஒளியைக் கழித்து நிறம் தருகின்றது. வெண்தாளில் விழும் ஒளியிலிருந்து சயான் மை சிவப்பையும், மஜெண்டா மை பச்சையையும், மஞ்சள் மை நீலத்தையும் விழுங்குகின்றன. மூன்றும் சேரின் கறுப்புத் தோன்றவேண்டும். ஆயின் உண்மையான மைகள் தூய்மையற்றவையாதலால் சேற்றுப் பழுப்பே தோன்றுகின்றது. எனவே கறுப்பு மை நான்காவதாகச் சேர்க்கப்படுகின்றது. இந்நான்கின் வெளியே சீஎம்வைகே.

இவ்வெளியை எஸ்ஆர்ஜிபியின் சிறிய வடிவம் எனக் கருதுவது பொருந்தாது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வன. திரையின் ஒளிமிக்க பச்சையையும் செறிந்த நீலத்தையும் மையினால் எட்டமுடியாது. மறுபுறம், நல்ல பூச்சுத்தாளில் அச்சாகும் சயான் மையின் நிறம் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே நிற்கின்றது. அச்சுக்கு அடோபி ஆர்ஜிபி பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுவே; அச்சின் சயானையும் அதனோடொட்டிய பச்சைகளையும் பெரிதும் உள்ளடக்கக்கூடியது அவ்வெளி.

மேலும், சீஎம்வைகே என்ற பெயரில் ஒரே வெளி இல்லை. ஒவ்வொரு தாளும், ஒவ்வொரு மையும், ஒவ்வோர் இயந்திரமும் தத்தமக்குரிய வெளியை உடையன. பூச்சுத்தாளில் ஓவ்செட் அச்சுக்கெனச் ஜேர்மனியில் வகுக்கப்பட்ட ஃபோக்ரா 39, அதன் பின் 2015இல் வந்த ஃபோக்ரா 51, அமெரிக்காவின் ஸ்வொப், ஜப்பானின் ஜப்பான் கலர் என்பன வெவ்வேறு உற்பத்திச் சூழல்களின் பதிவுகள். பூச்சுத்தாள் மொத்த மையில் 300 முதல் 330 வீதம் வரை தாங்கும். பத்திரிகைத்தாளுக்கு 240 வீதமளவே எல்லை. அதனை மீறினால் மை உலராது. அடுத்த தாளிற் படியும். பத்திரிகைத்தாளில் மைப்புள்ளி ஊறிப் பரவுவதும் அதிகம். 50 வீதமாக இடப்பட்ட புள்ளி 70 வீதத்தைத் தாண்டியதாகத் தோன்றலாம். ஆகவே படத்தை முற்கூட்டியே ஏதோவொரு சீஎம்வைகேக்கு மாற்றி வைப்பது, எந்தத் தாளில் அச்சாகும் என்பதை அறியாமலே அத்தாளுக்குத் தீர்ப்பு வழங்குவதாகும். மாற்றத்திற் கழிந்த நிறங்கள் மீண்டும் ஆர்ஜிபிக்கு மாற்றினாலும் திரும்பா.

எனவே செய்யத்தக்கவை இவை. படத்தை இறுதிவரை ஆர்ஜிபியில் வைத்திருத்தல் வேண்டும். எந்தத் தாள், எந்தப் புரொபைல் என்பதை அச்சகத்திடம் கேட்டறிதல் வேண்டும். அப்புரொபைலைக் கொண்டு திரையிலேயே மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். எழுத்துக்கு மெய்ப்புப் பார்ப்போர் படத்துக்குப் பாராதிருப்பதற்கு நியாயமில்லை. மாற்றும்போது இரு முறைகள் முக்கியமானவை. எல்லை கடந்த நிறங்களை உள்ளிழுக்கவென எல்லா நிறங்களையும் சற்று நெருக்கி, அவற்றிடையேயான உறவைக் காப்பது ஒன்று. உள்ளே இருப்பவற்றைத் தொடாமல் எல்லை கடந்தவற்றை மட்டும் எல்லையில் வெட்டி நிறுத்துவது மற்றது. செறிந்த நிறங்கள் மலிந்த காட்சிக்கு முன்னதும், முகங்களும் ஆவணங்களும் கொண்ட படத்துக்குப் பின்னதும் பொதுவாகப் பொருந்தும். பிடிஎஃப்/எக்ஸ்-4 முறையை ஏற்கும் அச்சகமாயின் புரொபைலுடன் கூடிய ஆர்ஜிபிப் படத்தை அப்படியே அனுப்பலாம். படத்தாளில் ஒளிப்படப் பிரதி எடுக்கும் நிலையங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபியையே எதிர்பார்க்கின்றன. அங்கு அடோபி ஆர்ஜிபி அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

6. முகமும் ஆவணமும்

நிறநியமம் வர்க்கச் சார்பும் இனச் சார்பும் அற்றதொன்றா என்ற வினாவை இங்கு தவிர்க்க இயலாது. படச்சுருள் காலத்தில், கொடாக் கம்பனி படக்கழுவு நிலையங்களுக்கு வழங்கிய ஒப்புநோக்குப் படங்கள் 'ஷேர்லி அட்டைகள்' என அழைக்கப்பட்டன. அவற்றில் நீண்டகாலம் இடம்பெற்றது வெண்தோற் பெண்ணொருத்தியின் முகமே. அம்முகம் சரியாக அமைந்தால் நிறம் சரி என்பது வழக்காயிற்று. கருந்தோல் முகங்கள் நிழலுக்குள் மறைந்தன. கனடிய ஆய்வாளர் லோர்ணா ரொத் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இவ்வரலாற்றை விரித்துரைத்துள்ளார். பழுப்பு நிறங்களைச் சீராக்கத் தூண்டியவற்றுள், சொக்கலேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் செய்த முறைப்பாடுகளும் அடங்கும் என்பதை அவர் எடுத்துக்காட்டுகின்றார். மனித முகத்தின் பழுப்பால் இயலாததை விற்பனைப் பண்டத்தின் பழுப்பு இயலச் செய்தது என்பது ஆழ்ந்து சிந்திக்கற்பாலது.

இதிலிருந்து அவசர முடிவொன்றுக்கு வந்துவிடலாகாது. கருந்தோலின் நிறங்கள் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே இல்லை. மக்பெத் அட்டையின் முதலிரு கட்டங்களும் முறையே கருந்தோலும் வெண்தோலுமாகவே அமைந்துள்ளன. எனவே விரிந்த வெளியைத் தெரிவதால் நம் முகங்கள் சிறக்கப்போவதில்லை. பிரச்சினை இருண்ட பகுதிகளின் படிநிலைகளைக் காப்பதில் உள்ளது. மிகக் குறைந்த மைத்தாங்கலும் மிகக் கூடிய புள்ளிப் பரவலும் கொண்ட பத்திரிகைத்தாளுக்கு, பூச்சுத்தாளுக்குரிய புரொபைலைக் கொண்டு மாற்றிய கோப்பை அனுப்பினால், முதலில் அழிவது நெற்றியின் ஒளியன்று. கன்னத்தின் நிழலும் கண்குழியின் ஆழமுமே. மலிவான தாளிலேயே தம் முகத்தை அச்சிற் காண வாய்த்த மக்களுக்கு, புரொபைலைச் சரியாகத் தெரிதல் அழகியல் நுட்பமாக மட்டும் அமைவதில்லை. அவர்கள் முகம் அடையாளம் காணப்படுமா என்பதே அதில் தங்கியுள்ளது.

ஆவணங்களுக்கும் இது பொருந்தும். சுவடிகளையும் பழைய இதழ்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஒளிப்படமாக்குவோர், இன்றைய திரையையோ இன்றைய தாளையோ மட்டும் கருதிச் செயற்படலாகாது. மூலப்படியை ரோ கோப்பாகவும், அதிலிருந்து பெற்ற 16 பிட் டிஃப் கோப்பாகவும், புரொபைலுடன் பேணுதல் வேண்டும். வெளி அடோபி ஆர்ஜிபியாக இருக்கலாம், புரோபோட்டோவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு படத்திலாவது நிற அட்டை இடம்பெறுதல் நன்று. மையின் மங்கலையும் தாளின் பழுப்பையும் பிற்காலத்தார் அதைக்கொண்டே அளந்தறிவர். இணையத்துக்கும் அச்சுக்கும் உரிய பிரதிகளை மூலப்படியிலிருந்து அவ்வப்போது பெற்றுக்கொள்ளலாம். மூலப்படி ஒன்று, பிரதிகள் பல.

தொகுத்து நோக்குமிடத்து, நிறவெளித் தெரிவு என்பது எந்த வெளி பெரியது என்ற வினாவன்று. இப்படத்தை யார், எக்கருவியில், எத்தாளில், எவ்வுடன்பாட்டின் கீழ் வாசிக்கப்போகின்றார் என்ற வினாவாகும். வாசகர் யாரென அறியாதவிடத்து யாவர்க்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி. அச்சகத்தை அறிந்தவிடத்து அவ்வச்சகத்தின் வெளி. இனி வரப்போகும் வாசகருக்கு, விரிந்த வெளியும் அதனை விளக்கும் புரொபைலும். உடன்பாட்டைக் கூறாது எண்களை மட்டும் விட்டுச்செல்லும் கோப்பு, எழுத்துருவை இழந்த கட்டுரையைப் போன்றது. எழுதியவர் இருக்கும்வரை அது திருத்தப்படலாம், அவருக்குப் பின்னர் ஊகமே எஞ்சும். 560 பைட்டுகளைச் சேர்த்து வைக்காமையினால் ஒரு தலைமுறையின் முகங்களும் ஏடுகளும் ஊகத்துக்கு விடப்படுமாயின், அப்பொறுப்பிலிருந்து அவற்றைத் திரட்டும் நாம் எவரும் விலகிக்கொள்ள முடியாது.